கோப்புப் பெயர்ச்சிப் பலன்கள்: பொம்மனஹள்ளியை முன்வைத்து ஓர் ஆய்வு

கோப்புப் பெயர்ச்சியாவது, ஒரு கோப்பு தான் பிறந்த கணினியை விட்டு, தனக்கு ஆகாத கணினியின் வீட்டில் போய் அமர்வது. குருப்பெயர்ச்சி போல இதற்கும் பலன் உண்டு, பரிகாரம்தான் இல்லை. ‘கோப்பு’ என்பது ‘கோ’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பாரும், ‘கோப்பை’ என்பதன் கடைக்குறை என்பாரும் உளர். பின்னவர் மாலை ஆறு மணிக்கு மேலேயே அவ்வாறு கொள்வர்.

பெயர்ச்சி மூவகைப்படும்.

கம்பிவழி: தம்முள் பேசாத கணினிகளைப் பேசவைக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 1981இல் ஒரு நெறிமுறை கண்டு, பொம்மலாட்டத் தவளையான கெர்மிட்டின் பெயரை இட்டனர். நம்மவர் கையில் அகப்பட்டிருந்தால் கலைச்சொல்லாக்கக் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கும்.

காற்றுவழி: வைஃபை உள்ளபோது கரண்ட் இராது.

கைவழி: பென்டிரைவ். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்ததை மேக் வாசிக்கும், எழுதாது. இவ்வகையில் அது நம் விமர்சகர்களை ஒத்தது. ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கல்யாண வீடியோ வாசற்படியிலேயே நின்றுவிடும் (காண்க: தோசைமாவு பாக்கெட், பின்புறம்).

இனி இவ்வாய்வின் உயிர்நிலையாகிய எழுத்துருக் கோளாறு. திருச்சியில் என் தங்கை, மகனின் காதுகுத்து அழைப்பிதழைப் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினாள். என் மேக்கில் திறந்தால், தாய்மாமனாகிய நான் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜே, ஹெச், ஏ, அரைப்புள்ளி, கே, ஹெச், கே, டி, அரைப்புள்ளி’ என்று ஒருவர் நின்றார். “இங்க நல்லாத்தான இருக்கு, அண்ணா” என்றாள். இருக்கும். பாமினியில் எழுதியது உள்ளே ஆங்கிலமே. தமிழ் அதற்குப் போட்ட வேட்டி. எழுத்துரு இல்லாத கணினியில் வேட்டி அவிழும்.

இங்கே பொம்மனஹள்ளியில், பேகூர் சாலை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் பதறவில்லை. எல்லாவற்றையும் செலக்ட் செய்து, தன்னிடமிருந்த நுடி எழுத்துருவைப் போட்டான். அதுவும் பாமினி குலமே, கன்னடக் கிளை. திரை முழுக்க வட்ட வட்டமாகக் கன்னடம் பூத்தது. முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தவன் நாக்கைத் தேய்த்துக்கொண்டு, “இது கன்னட அல்லா சார்” என்றான். தமிழருக்கும் விளங்காமல் கன்னடருக்கும் விளங்காமல் ஒரு செம்மொழி என் கண்முன் பிறந்தது (ஒப்புநோக்குக: அம்மாவின் மளிகைச் சீட்டு, திருத்திய இரண்டாம் பதிப்பு, எண்ணெய் பட்ட பிரதி).

இதற்கு அறிஞர் பெருமக்கள் தீர்வு காணாமலில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடிற்று. குறியாக்கக் குழப்பம் ஒழியவேண்டும் என்று கூடி, தமிழுக்கு மட்டும் ‘டாம்’, ஆங்கிலமும் கலந்தெழுத ‘டாப்’ என இரண்டோடு எழுந்தனர். ஏற்கெனவே இருந்த திஸ்கிக் குறியாக்கமும் எங்கும் போய்விடவில்லை. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடே தரம் என்றது. அது ஒத்துவராத இடத்தில் டேஸ்16 என்றும் சேர்த்தது. இதிலிருந்து யான் வகுத்த இருமை விதியாவது: ஒன்று வேண்டிக் கூடுவோர் இரண்டு பெற்று எழுவர் (இக்கருத்து எனக்கு முன்பே சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்ற பேருந்தின் முன்சீட்டு முதுகில் ஆணியால் கீறப்பட்டுள்ளது, ரெக்சின் கிழிந்தமையால் பாடம் சிதைவு, கீறியவர் காலம் துணியக்கூடவில்லை, டிக்கெட் எடுத்தாரா என்பதும் ஆய்வுக்குரியது, இறுதி இரு சொற்கள் உரைக்கத் தகாதன).

கடைசியில் தங்கை திருச்சியிலேயே பிரிண்ட் எடுத்து, தரையில் வைத்து, ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். ஓர் எழுத்தும் உடையவில்லை. ஆயினும் தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் தேதியின் மேல் பாதியை மறைத்திருந்தது. 13 என்பது என் பாடம். 15 என்பது மனைவியின் பாடம். தங்கை ஃபோனை எடுக்கவில்லை. இரண்டு தேதிக்கும் பஸ் டிக்கெட் போட்டிருக்கிறேன்.