அச்சுப்பொறி அகத்திணையியல்

செம்பூர் சேடா நகர், நான்காம் மாடி. கூடத்து மூலையில் மாமனாரின் பழைய மேசைக் கணினி. அதனோடு யூஎஸ்பி ஒயரால் கட்டிப்போட்ட கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். உள்ளறையில் மருமகளின் புது லேப்டாப். நடுவில் ஒரு சுவர், ஒரு சுவாமி அலமாரி, ஆக மொத்தம் பதினெட்டு அடி. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய ஒரே ஒரு பக்கப் படிவம் இந்தப் பதினெட்டு அடியைக் கடக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் ஆயிற்று. அந்த நேரத்தில் தாதரில் ரயிலேறியவர் புனே போய், தங்கை வீட்டில் சாப்பிட்டு, திரும்பியும் வந்திருப்பார்.

காதலுக்கும் போருக்கும் இலக்கணம் வகுத்த மொழியில் இந்தப் பதினெட்டு அடிக்கு இலக்கணம் இல்லாதது குறையே. தொல்காப்பியர் காலத்தில் பிரிண்டர் இல்லை என்பது ஏற்கத்தக்க சமாதானம். பின்வந்த உரையாசிரியர்களுக்கும் அதே சலுகையைத் தரலாம். இனி வருவது அக்குறையை நிரப்ப எழுந்த எளிய முயற்சி.

பிரிண்டர் பகிர்வு எனப்படுவது யாதெனின், ஒரு கணினியோடு கட்டுண்ட பொறியை அவ்வீட்டின் மற்றக் கணினிகளும் தமதென்று உரிமை கொண்டாடுதல். கட்டுண்ட கணினிக்கு ‘ஹோஸ்ட்’ என்று பெயர். விருந்தோம்புபவர் என்று பொருள். விருந்தோம்புபவர் தூங்கிவிட்டால் விருந்தாளிக்குச் சோறில்லை. இவ்வளவு வம்பு எதற்கு, பிரிண்டரை நேராக வைஃபையில் சேர்த்தால் என்ன என்று கேட்பாரும் உளர். இந்திய வீடுகளிலும் கடைகளிலும் ஆண்டுக்கணக்காக உழைத்த எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 ஆகியவற்றின் முதுகைத் தடவிப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். அங்கே இருப்பது யூஎஸ்பி துளை ஒன்றே. 1020-க்கு இன்னொரு குணமும் உண்டு: தன்னை இயக்கும் நிரலை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் ஊட்டிவிட வேண்டும்.

இனி வரலாறு. கம்பிவழி வலையான ஈதர்நெட், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பாப் மெட்கஃப் அதை விவரித்துக் குறிப்பு எழுதிய நாள் 1973 மே 22. அதே கூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் முன்பே லேசர் பிரிண்டரைச் செய்து முடித்திருந்தார். நொடிக்கு ஒரு பக்கம் தள்ளும் அந்த யானைக்குத் தீனி போட அன்றைய கம்பிகளுக்கு வேகம் போதவில்லை. கணினிகள் பல, பிரிண்டர் ஒன்று, எல்லோருக்கும் பங்கு வேண்டும். வலை பின்னப்பட்டதற்கு இது முக்கியமான காரணம். ஆகவே, பிரிண்டரைப் பங்குபோடுவதை நெட்வொர்க்கின் குலத்தொழில் என்றே சொல்லலாம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் குலத்தொழில் கைவராத பிள்ளைகள் எல்லாக் குலத்திலும் உண்டு.

பம்பாய்த் தமிழர் அந்தக் கம்பெனியை மறந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தாராவி 90 அடிச் சாலையில் ‘ஆதார் ஒரு ஜெராக்ஸ்’ என்று நீட்டுகிறவருக்கு, எந்தக் கம்பெனி இயந்திரம் எடுத்துக் கொடுத்தாலும் அது ஜெராக்ஸ்தான்.

பிரிண்டரால் மனம் கசந்தவர்களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தலையாயவர். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருக்கும் அனைவருக்கும் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸின் லேசர் பிரிண்டர் வந்தது, மூலநிரல் வரவில்லை. கேட்டுப் போன இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். 1983-இல் அவர் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் வேர்களில் இந்தக் கசப்பும் ஒன்று. அங்கே சிக்கிய தாளிலிருந்து ஓர் இயக்கம் கிளம்பிற்று. சேடா நகரில் கிளம்பியது வாய்த்தகராறு மட்டும்.

இனி நூற்பொருள். கணினிக்கும் பிரிண்டருக்கும் உள்ள உறவு அகப்பொருள் என்பது இவ்வாய்வின் துணிபு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஐந்தும் இங்கே உண்டு. தலைவி பிரிண்டர், இல்லம் நீங்காதவள். தலைவன் லேப்டாப்; அறை அறையாக, சில வாரங்களில் பெங்களூரு வரைக்கும் திரிபவன். செவிலி ரூட்டர். மூன்றாம் மாடியில் பொறியியல் படிக்கும் பையன் தோழி. தூது போவதும் கடைசியில் பழி சுமப்பதும் அவன் தலையெழுத்து.

முல்லை என்பது காத்திருத்தல். அனுப்பிய பக்கங்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு ஸ்பூலர் என்று பெயர். ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த சொல் இது என்பார் ஒரு சாரார். நூல்கண்டைக் குறிக்கும் சொல்லே இது, விரிவு பின்னால் ஒட்டவைத்தது என்பார் மறுசாரார். தாராவித் தையல் பட்டறைகளின் பக்கமாக நடந்தவருக்கு இரண்டாம் கொள்கையே சரியென்று படும். கண்டில் முதல் சுற்று சிக்கிக்கொண்டால் அடியிலுள்ள நூல் முழுக்க நிற்கும். வரிசையின் தலையில் கெட்டுப்போன ஒரு வேலை நின்றால் பின்னால் வந்தவை அத்தனையும் நிற்கும். ‘கேன்சல்’ கொடுத்தால் ‘டிலீட்டிங்’ என்று சொல்லிக்கொண்டே மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். மருந்து எளிது: சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைக் காலி செய், மறுபடி ஓடவிடு.

காலி செய்ய மறந்தால் குறிஞ்சி நிகழும். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்று முன்னோர் விதித்தது வீணில்லை. பகலெல்லாம் ‘பிரிண்ட் வரல’ என்று பொத்தானைப் பதினொரு தடவை அழுத்தியிருப்பார்கள். இரவு தூக்கம் வராத மாமனார் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கக் கணினியைத் தட்டி எழுப்புவார். இருட்டில் பிரிண்டர் உறுமி, பதினொரு பிரதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றுப் போடும்.

நெய்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடலோர ஊர், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத ஈரம். தாள் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருளும், சுருண்ட தாள் உருளையில் சிக்கும், சிக்கினால் இரங்கல். ரீம் உறையைப் பிரித்துப் போட்டுவிட்டு நெட்வொர்க்கைக் குறைசொல்வது மும்பை மழைக்காலத்துப் பொதுவழக்கு.

பாலைக்குரியது பிரிவு, திரையில் தெரியும் சொல் ‘ஆஃப்லைன்’. ஹோஸ்ட் தூங்கப் போயிருந்தால் அது சிறு பிரிவு, எழுப்பினால் தீர்ந்தது. வைஃபை பிரிண்டர் வாங்கிய வீடுகளில்தான் பெரும்பிரிவு. ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் ஐபி முகவரி சொந்தமில்லை, தவணைக் குத்தகை. பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸில் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இடையே சாமான் தூக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிண்டர் நேற்று 5-ஆம் எண்ணில் இருந்தது, இன்று 9-இல் இருக்கிறது. கணினியோ பழைய கதவையே தட்டிக்கொண்டு நிற்கிறது. ரூட்டரிடம் சொல்லி ஒரு முகவரியை அந்தப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிடுவது நிரந்தரத் தீர்வு. செவிலியிடம் அந்தரங்கமாகப் பேச அவளுடைய பாஸ்வேர்டு வேண்டும். அது ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ரூட்டர் பரணுக்கு மேலே இருக்கும்.

பொய்ப்பிரிவு என்று ஒன்றும் உண்டு. பிரிண்டர் நலமாக இருக்கும். எஸ்என்எம்பி என்ற வழியில் கணினி நலம் விசாரித்தால் மட்டும் பதில் சொல்லாது. பதில் வராததையே சாட்சியாக வைத்துக் கணினி ஆஃப்லைன் என்று தீர்ப்பெழுதிவிடும். போர்ட் அமைப்பில் அந்த விசாரிப்புக்குரிய டிக்கை எடுத்துவிட்டால் இருவரும் மறுபடி கூடுவர்.

மருதம். ஊடல். சேடா நகர்க் கணினிகளின் நோய் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-இல் வீட்டு நெட்வொர்க், சால் குடித்தனம் போல இருந்தது. நீண்ட பொது நடை, பகல் முழுதும் திறந்த கதவுகள், பக்கத்துப் பிள்ளை உள்ளே வந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போவான். இரண்டு கணினிக்கும் குழுப்பெயர் ஒன்றாக இருந்தால் உறவு உறுதி. அதிலும் ஒரு வேடிக்கை. எக்ஸ்பியின் ஹோம் பதிப்பு தன் குழுவுக்கு ‘எம்எஸ்ஹோம்’ என்றும், புரொஃபெஷனல் பதிப்பு ‘வொர்க்குரூப்’ என்றும் பெயர் வைத்துக்கொண்டு வந்தன. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கணினிகள் ஒன்றையொன்று பட்டியலில் காணாமல் தவித்தன. கல்யாணத்துக்குக் கோத்திரம் வேறாக இருக்க வேண்டும். பிரிண்டருக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியை மாட்டுங்கா மாமாக்கள் ஏற்றுக்கொள்ளச் சிரமப்பட்டிருப்பார்கள். 2009-இல் விண்டோஸ் 7 ‘ஹோம்குரூப்’ என்று வீட்டையே ஒரு பாஸ்வேர்டின் கீழ்க் கூட்டியது. 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு அந்தக் கூட்டுக்குடும்பத்தைக் கலைத்தது.

2021 ஜூலையில் வந்தது ‘பிரிண்ட்நைட்மேர்’. ஸ்பூலரில் இருந்த ஓட்டை வழியாக அன்னியன் நுழைந்து, கணினியின் உச்ச அதிகாரத்தோடு எதையும் செய்யலாம் என்று உலகுக்குத் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டுப்போட்டது. ஆகஸ்டில், நெட்வொர்க் வழியே டிரைவர் நிறுவ நிர்வாகி அனுமதி கட்டாயமாயிற்று. செப்டம்பரில், மறைகுறியாக்கம் இல்லாமல் பேசவரும் கணினியை ஹோஸ்ட் வாசலிலேயே நிறுத்தத் தொடங்கியது. நேற்றுவரை ஓடிய பிரிண்டர்களில் 0x0000011b என்ற எண் தோன்றியது. பரத்தை வீடு போய்த் திரும்பிய தலைவனைத் தலைவி உள்ளே விடாத நிலைக்கு ‘வாயில் மறுத்தல்’ என்று துறைப்பெயர் உண்டு. இந்த எண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைப்பது அரிது. சால் இடிந்து சொசைட்டி எழுந்துவிட்டது: கீழே வாட்ச்மேன், கையில் ஒப்புதல் கேட்கும் செயலி, மேலே சேஃப்டி டோர். சர்க்கரைக்கு வந்த பையனும் பெயர் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தோழி ஒரு குறுக்குவழி சொன்னான். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் வாசல் திறக்கும். திறக்கும்தான், ஆனால் எந்த ஓட்டைக்காகக் கதவு போட்டார்களோ அந்த ஓட்டையும் சேர்ந்தே திறக்கும். இதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை. இரண்டு கணினிக்கும் அப்டேட் போட்டு, வைஃபையை ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்பு-பிரிண்டர் பகிர்வை இயக்குவதே முறை. வீட்டு வைஃபையை ரயில் நிலைய வைஃபை என்று கணினி நினைத்திருக்கும்வரை அது யாரோடும் முகம் கொடுத்துப் பேசாது.

அத்தனையும் செய்தாயிற்று. அப்போதும் லேப்டாப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

“அப்பா, உங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் என்ன?”

“நம்ம ஆத்துல என்னத்துக்கும்மா பாஸ்வேர்ட்? யார் திருட வரப்போறா?”

நோய் முதல் கிடைத்தது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நேரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் மட்டுமே பயன்படுத்தலாம். வலை வழியாக அதே பெயரில் வருபவரை விண்டோஸ் ஏற்காது. நாலு எண் ‘பின்’ வைத்திருந்தாலும் பயனில்லை; பின் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே செல்லும் நாணயம். மாமனார் பெருந்தன்மையாகத் திறந்துவைத்த கதவே பூட்டாக நின்றிருக்கிறது. முதலில் அவருக்குப் பேரனின் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்க ஆசை. ஊரறிந்த பெயர் ஆகாது என்று தோழி மறுத்தான். இதில் முக்கால் மணி நேரம் போயிற்று.

பெயர் விஷயத்தில் ஒரு கிளைக்குறிப்பு. விண்டோஸின் பழைய நெட்பயாஸ் வழக்கில் கணினியின் பெயர் 15 ஆங்கில எழுத்தைத் தாண்டக் கூடாது. வெங்கடசுப்ரமணியன் என்று ஆங்கிலத்தில் எழுத 18 எழுத்து வேண்டும். கடைசி மூன்றை வெட்டினால் வெங்கடசுப்ரமன் என்றாகும். சுவாமிக்கும் ஆகாது, முன்னோர்க்கும் ஆகாது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி என்ற பகிர்வுமொழியை லினக்ஸும் பேசுவதற்கு ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதிய மென்பொருளுக்கோ ‘சாம்பா’ என்று ஐந்தே எழுத்துப் பெயர். எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பொறுக்கியது அது. இன்னும் ஓர் எழுத்து பொறுக்கியிருந்தால் கிங்ஸ் சர்க்கிள் முழுக்க மனப்பாடமாகியிருக்கும்.

மாலை ஆறரைக்குப் படிவம் அச்சானது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மருமகள் பிடிஎஃப்பைக் கீழ்க்கடைக்கு வாட்சப்பில் அனுப்பி, ஐந்து ரூபாய்க்கு அச்செடுத்து, பேத்தியின் பையில் வைத்துவிட்டிருந்தாள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஆய்வு கெட்டுவிடக் கூடாதென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கள ஆய்வின் இறுதிக் கட்டம் தாராவியில் ஒரு ஜெராக்ஸ் கடை. முன் மேசையில் ஒரு கணினி, பின் மேசையில் ஒன்று, நடுவில் ஒரே பிரிண்டர். மதிய நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் பான் கார்டுக்காரர்களும் வாசலை அடைத்து நிற்கிறார்கள். ஆனாலும் எதுவும் தடைப்படவில்லை. பிரிண்டர் மேல் கையடக்கமான ஒரு தகரப் பெட்டி. லேமிங்டன் ரோட்டில் வாங்கியது. மேலே ஏ, பி என்று இரண்டெழுத்து, நடுவே ஒரு திருகு.

“நெட்வொர்க்ல ஷேர் போடலையா அண்ணாச்சி?”

“போட்டுத்தான் இருந்தேன். கூட்டம் நிக்கும்போதுதான் அதுக்கு ஆஃப்லைன் வரும். இந்தா, நகரும், அந்தப் பொம்பளப்பிள்ளைக்கு ஹால் டிக்கெட் எடுக்கணும்.”

திருகு பி பக்கம் திரும்பியது. டக்கென்று ஒரு சத்தம், பக்கம் வந்துவிட்டது.