பித்தளைக் கட்சியும் இரும்புக் கட்சியும்

மருமவனே, நேத்து டீக்கடையில நீ போட்ட சத்தம் குலசேகரப்பட்டினம் வரைக்கும் கேட்டுச்சாம். பித்தளைத் தோட்டாதான் ஒசத்தி, இரும்புத் தோட்டா சுட்டா ரைபிள் குழல் நாசமாப் போயிரும்னு தீர்ப்பே எழுதிட்டியாமே. சந்தோசம். ஒங்கிட்ட இருக்கது என்ன ரைபிளு? கொசு அடிக்கிற மட்டையா?

பட்டாளத்துச் சோறு தின்ன மாமன் சொல்லுதேன், கேளு. தோட்டாக்கூட்டுப் பித்தளையில நூத்துக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து பத்துனதும் கூடு விரிஞ்சு, தோட்டா ஒக்காந்திருக்க சேம்பர் சுவத்துல அப்பிக்கிடும், புகை பின்னால வராது. அழுத்தம் போனதும் சுருங்கி, இழுத்தா வந்துரும். இரும்புக்கு அந்த நெளிவு சுளிவு கம்மி. முழுசா அப்பாது, கரி பின்னால வந்து சேம்பர்ல படியும். சுட்ட கையோட தொடச்சு வச்சா அதுவும் பெரிய குத்தமில்ல. ஒனக்குப் பைக் செயினுக்கே எண்ண போட நேரமில்ல, அது வேற சங்கதி.

குழல் தேயுதுன்னியே, அதைத் தேய்க்கது கூடு இல்லலே. கூடு சேம்பரோட நின்னுரும். குழலுக்குள்ள ஓடுதது குண்டு. மலிவுத் தோட்டாவுல குண்டுக்கு இரும்புத் தகட்டுச் சட்ட போட்டு, மேல மெல்லிசாச் செம்பு பூசியிருப்பான். அதுதான் அராவும். கூடு பித்தளையா மின்னிக்கிட்டு, உள்ள இந்தக் குண்டு இருந்தா என்ன செய்வ? சீனிப்பாகு கலந்ததை ஓலைக்கொட்டான்ல வச்சுட்டா உடன்குடிக் கருப்பட்டி ஆயிருமா? காந்தத்தக் கூட்டுல மட்டும் வைக்காத, குண்டுலயும் வச்சுப் பாரு.

துப்பாக்கியையும் பாக்கணும். ஏகே-47 தோட்டா வாய்ப் பக்கம் ஒடுங்கிப் போகும்; துளி இழுத்தாலே சுவத்த விட்டுக் கழண்டுரும். அதுக்கு இரும்பு தோது. அமெரிக்காக்காரன் ஏஆர்-15 தோட்டா கிட்டத்தட்ட நேரா இருக்கும். அதுல இரும்பு சிலநேரம் சிக்கும். ரெண்டாம் உலகப்போர்ல செம்புக்குத் தட்டுப்பாடு வந்து ஜெர்மன்காரனும் இரும்புக்கு மாறினான். ஆசப்பட்டு மாறல, இல்லாமப் போயி மாறினான்.

சரி, நம்ம கதைக்கு வா. பட்டாளத்து .303 தோட்டா ஜனங்க கையில கெடைக்கக் கூடாதுன்னு வெள்ளக்காரன் தடுத்தான், அதனால வந்தது .315. ரைபிள் ஈஷாப்பூர்ல செஞ்சது, தோட்டா புனே பக்கம் கிர்க்கியில. அந்தத் தோட்டாவுக்குக் கூடு பித்தளைதான். நீ எந்தக் கட்சியில நின்னாலும் கடைக்காரன் குடுக்கது அதான். அதுக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். மொதல்ல தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் படியேறு, பெறவு உலோகம் பேசலாம்.

நானும் பித்தளைக் கட்சிதான், ஆனா காரணம் வேற. பட்டாளத்துல சுட்டு முடிச்சதும் வெத்துக்கூட்ட எண்ணிக் குடுக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் ஹவில்தார் புல்லுக்குள்ள தவழ விட்டுருவான். பித்தளை வெயில்ல மின்னும், கண்ணுல ஆப்புடும். அரக்கு பூசுன இரும்பு புல்லோட புல்லாக் கெடக்கும். நீ குழலுக்காகப் பித்தளைங்க. நான் இடுப்புக்காகப் பித்தளைங்கேன்.