பசை போதாது, பதவி வேண்டும்

ஜெர்மனியின் ‘கடைசித் தலைமுறை’ இயக்கத்தினர் கெட்டிக்காரர்கள். பருவநிலையைக் காக்க நடுச்சாலையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தாரோடு ஒட்டிக்கொண்டார்கள். போலீசார் சமையல் எண்ணெய் தடவித் தடவி, விரல் விரலாகப் பெயர்த்தெடுத்தார்கள். 2022-இல் போட்ஸ்டாம் அருங்காட்சியகத்தில் மோனேயின் வைக்கோல்போர் ஓவியத்துக்கு உருளைக்கிழங்கு மசியல் அபிஷேகம். அப்படியும் பூமி குளிரவில்லை. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். நியாயம்தானே? ஒட்டிக்கொள்வதில் இவ்வளவு பயிற்சி பெற்றவர்களுக்கு நாற்காலியைவிடப் பொருத்தமான இடம் ஏது! (பழைய அரசியல்வாதிகள் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) மறியலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தவர்களும் இவர்களை மறக்கவில்லை, ஞாபகமாக வேறு கட்சிக்கு வாக்களித்தார்கள். கிடைத்தது சுமார் 0.3 சதவீதம், இடம் ஒன்றுமில்லை. 2025-இல் கடைசித் தலைமுறை ‘புதிய தலைமுறை’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.