கொண்டா இப்படி!

குழந்தை ஷூ லேஸைக் கையில் எடுத்து அரை நிமிடம் ஆகியிருக்காது. "கொண்டா இப்படி!" முடிச்சு விழுந்துவிட்டது. பென்சில் சீவ உட்கார்ந்தால் "கொண்டா இப்படி!" பம்பரத்துக்குச் சாட்டை சுற்றினால், ஆரஞ்சு உரித்தால், எல்லாவற்றுக்கும் அதே. கடவுள் கொடுத்த இரண்டு கை இந்த அப்பாவுக்குப் போதவில்லை. பிள்ளையின் கையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வாழ்கிறார்.

விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். "1939ல மரியா மாண்டிசோரி அடையாறுக்கே வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க தெரியுமா?" என்று பார்சலைப் பிரிக்கும்போதே எனக்கு வகுப்பெடுத்தார். உள்ளே ஒரு மரக்கட்டை. அதில் பத்துக் குழி, குமிழ் வைத்த பத்து உருளை. அந்த அம்மாள் அதில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். ஒல்லி உருளையைக் குண்டுக் குழியில் போட்டால், போட்டபோது ஒன்றும் தெரியாது. கடைசியில்தான் மாட்டிக்கொள்ளும்: கையில் ஒரு குண்டு மிஞ்சும், மிச்சமிருக்கும் குழியில் இறங்காது. பிள்ளை முழிக்கும், எல்லாவற்றையும் பிடுங்கும், மறுபடி போடும். பெரியவர்கள் வாயைத் திறக்கவே தேவையில்லாத சாமான்.

அவர் மகள், என் நாலு வயது மருமகள், மூன்றாவது உருளையைத் தப்பாகப் போட்டாள். இவருக்குக் கால் ஆடத் தொடங்கியது. நாலாவதும் தப்பு. கனைத்தார். ஒரு கையாவது வேலையில் இருக்கட்டும் என்று காபி டம்ளரைத் திணித்தேன். ஐந்தாவதை அவள் எடுத்தாள், ஒரு குழியில் வைத்தாள், எடுத்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். அவ்வளவுதான். டம்ளர் தரைக்குப் போயிற்று. "கொண்டா இப்படி!" கண்மூடித் திறப்பதற்குள் பத்தும் உட்கார்ந்துவிட்டன. "பாத்தியா, எவ்ளோ ஈஸி!"

குழந்தை ஜன்னலில் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் போனால், குழிக்கும் உருளைக்கும் மார்க்கரால் 1 முதல் 10 வரை நம்பர் போட்டு வைத்திருக்கிறார். இனித் தப்பே வராதாம்.

மூத்தவனுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தி மின்சாரம் எடுக்க வேண்டும். ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்கூடத் தேறாது, கரன்ட்டோ அதைவிடச் சொற்பம். மூன்று நான்கு பழத்தை வரிசையாகக் கோத்தால் சின்ன எல்இடி மினுக்கும், டார்ச் பல்பு எரியவே எரியாது. டார்ச் பல்பை வைத்துக்கொண்டு ஐயா இதைக் கண்டுபிடிக்க 16 பழம் செலவாயிற்று. ஆணியை மாற்றினார், கம்பியைச் சுரண்டினார், பழத்தை உருட்டி நசுக்கிப் பார்த்தார். இரவு பதினொரு மணிக்கு அந்த முகத்தில் என்ன ஒரு களை! பத்து வயதில் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பையன் அப்படியே வெளியே வந்துவிட்டான். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கண்காட்சிக்காரன் சோபாவில் தூங்கிப்போயிருந்தான்.

சிரித்தது போதும். போன ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் ஓர் ஆரஞ்சு கொடுத்தேன். நகத்தைக்கூட வைத்துப் பார்க்கவில்லை, நேரே கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள். அவர் கேட்கவே இல்லை.

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை, பஞ்சில் கொஞ்சம் சானிடைசர் தொட்டுத் துடைத்தால் அந்த நம்பரெல்லாம் போய்விடும். துடைத்துவிடுங்கள்.