ஓகஸ்ட் பிள்ளை

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். அதற்கு முதல் கிழமையே யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கனடாப் பிள்ளை வந்து இறங்கிவிடும். வயது பத்துக்கும் பதினாறுக்கும் இடையில். காலில் பாற்சோற்று நிறத்தில் சப்பாத்து; இரண்டாம் நாளே அது செம்மண் நிறம். ஒன்ராறியோவில் யூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் செப்ரெம்பரில்தான் திறக்கும். திருவிழாவோ 25 நாள். முருகன் ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களைக் கேட்டுத்தான் நாள் வைத்தாரோ என்று ஊரில் சிலருக்குச் சந்தேகம்.

கட்டுநாயக்காவிலேயே வேடிக்கை தொடங்கிவிடும். பிள்ளையின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் ரொறன்ரோ. விசா வேண்டும், நியாயம். அப்பாவின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவருக்கும் விசா வேண்டும். கனடாக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை கைவிட்டுப் போயிற்று. இரட்டைக் குடியுரிமைக்கு மனுப்போட அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு வெளிநாட்டவரும் ஒரே வரிசையில், 30 நாள் விருந்தாளிகளாக நிற்கிறார்கள். பிள்ளை போனை நோண்டுகிறது. அப்பா, தெரிந்த முகம் ஏதும் பார்த்துவிடுமோ என்று கூரையைப் பார்க்கிறார்.

ஏ9 வீதியில் இரவிரவாக வான் ஓடி, விடியப்புறம் படலையைத் திறந்தால் உள்ளே பரீட்சை மண்டபம் தயார். கேள்வி ஒன்றுதான்: "என்னைத் தெரியுதோ?"

கேட்பவரின் நெற்றியை மட்டுமே பிள்ளை இவ்வளவு காலமும் வட்ஸ்அப்பில் பார்த்திருக்கிறது. முழு முகம் இதுதான் முதல் தடவை. "தெரியும் மாமி" என்று ஒரு போடு போடுகிறது.

"மாமியோ? நான் கொம்மாவின்ர ஒண்டுவிட்ட தமக்கையடா. பெரியம்மா!"

அடுத்தவர் கேட்கும்போது பிள்ளை கெட்டித்தனமாகப் பல்லை மட்டும் காட்டுகிறது. அதற்கும் முழுப் புள்ளி. பிறகு தீர்ப்புகள். "பிள்ளை நல்லா மெலிஞ்சு போச்சு" என்கிறார் ஒருவர். "உடம்பு வைச்சிட்டுது" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இரண்டுக்கும் மருந்து புட்டுத்தான். ஒரு வீட்டில் இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு இறங்கியதாக அடுத்த வீட்டுக்குத் தகவல் போய்விடும், அங்கே மூன்று.

வெளிக்கிடுமுன் ஸ்காபரோவில் நடந்த ஆலோசனை முழுவதும் பிள்ளையைப் பற்றியே. தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, வெக்கை தாங்குமா, நுளம்பு விடுமா? ஆனால் பிள்ளை கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்கிறது. தாகத்துக்குச் செம்பில் அள்ளிக் குடிக்கிறது. அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்த அப்பா, "ஹீற்றர் ஒண்டு பூட்டியிருக்கலாமே" என்கிறார். போத்தல் தண்ணீரில் பல்லுத் தீட்டுகிறார். மூன்றாம் நாள் வயிறு குழம்பிப் படுத்தவரும் அவர்தான்.

தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்த மனிதர் அவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர். ஸ்காபரோ வீட்டில் ஒவ்வொரு முறை மின்சார பில் வரும்போதும் பிள்ளை இந்தக் கதையைக் கேட்டிருக்கிறது. ஓரிரவு பத்து நிமிடம் கரண்ட் நின்றது. "ஏசி நிண்டிட்டுது, ஆரும் பாருங்கோவன்!" என்று இருட்டுக்குள் எழுந்த குரல் பிள்ளையுடையது அல்ல.

பகலில் ஊர்சுற்றல். "கோண்டாவிலிலை கண்ணைக் கட்டி விட்டாலும் நான் வீடு வருவன்" என்று அப்பா முன்னால் நடக்கிறார். சந்தியில் புளியமரம் நிற்கும், அதில் இடக்கைப் பக்கம் திரும்பவேண்டும் என்பது அவர் கணக்கு. மரம் நின்ற இடத்தில் போன் திருத்தும் கடை. அடுத்த சந்தியிலும் மரம் இல்லை. மதில்கள் உயர்ந்திருக்கின்றன, கிடுகுவேலி ஒன்றையும் காணோம். மூன்றாவது சந்தியில், பின்னால் வந்த பிள்ளை போனைப் பார்த்தபடி சொல்கிறது: "அப்பா, திரும்பி வாங்க. றைற் எடுக்கணும்."

மச்சான்காரனோடு பிள்ளை ஒட்டிக்கொள்ள அரை மணித்தியாலம் போதும். இரண்டு பேரும் விளையாடுவது ஒரே போன் விளையாட்டு, பார்ப்பது ஒரே யூரியூப்காரரை. நடுவில் புகுந்து, யாழ்தேவி ஓடிய காலத்தை அப்பா மருமகனுக்கு விளக்கத் தொடங்குகிறார். "இப்பவும் ஓடுது மாமா" என்கிறான் அவன். 1990இல் நின்ற ரயில் 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்ததைச் செய்தியில் பார்த்து, முகநூலில் கண்ணீர் விட்டவர்தான் அவர். ஆனாலும் மனதுக்குள் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். பிள்ளை வேட்டிக்கு மேல் பெல்ற் கட்டிக்கொண்டு, கூச்சம் தெளிந்து, சுடுமணலில் துள்ளித் துள்ளிப் போகிறது. அப்பா வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி பின்னால். ஓட்டோ முதல் இளநீர்வரை எல்லாவற்றையும் டொலராக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சையும் விலை ஏறிப்போச்சு" என்று சலிப்பவர் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நிற்கிறார். சீட்டு ஒரு ரூபாய். டொலராக்கினால் ஒரு சதமும் தேறாது. முதல் தடவையாக வாயடைத்துப் போகிறார். பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. கோயிலடி ஐஸ்கிறீம் கடையில் எந்தக் கிண்ணம் பெரியது என்று பார்த்து வைத்தாயிற்று.

பயணநாள். சொக்கிலேற்றும் கோடாலித் தைலமுமாக வந்த சூட்கேஸ்கள் மிளகாய்த்தூளும் ஒடியலும் பருத்தித்துறை வடையுமாக, 23 கிலோவுக்குமேல் மூச்சுமுட்டி நிற்கின்றன. அப்பா தராசோடு மல்லுக்கட்டுகிறார்.

"வாற வருசமும் வரட்டோ, அப்பம்மா?" என்கிறது பிள்ளை.

"வா மோனை, கட்டாயம் வா" என்கிறார் அப்பம்மா. பிறகு மகனை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்: "கொப்பனை விட்டிட்டு வா. அவனுக்கு எங்கட வெக்கை ஒத்துவராது."