முதலில் ட்யூப்லைட்டை அணையுங்கள்!

? ஏலக்காயைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், “போன வருஷத்துச் சரக்கா?” என்கிறார் வியாபாரி. நேற்றுதான் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்தது!
– ஏலத்தோட்டக்காரர், சித்திரபுரம்

காய் பச்சைதான்; உங்கள் வெளிச்சம்தான் பழசு. ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் தூக்கல், குண்டு பல்பில் மஞ்சள் தூக்கல். கேமரா ஏதாவது ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிக்கட்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரே காயில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பு. ஜன்னலைத் திறந்துவிட்டு, ட்யூப்லைட் உட்பட மற்ற எல்லா விளக்கையும் அணையுங்கள். கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம் 1940இல் உங்கள் பக்கத்துப் பள்ளிவாசலில்தான் ஓடத் தொடங்கியது. அந்த மரியாதைக்காகப் பகலிலும் லைட் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

? பாதி வருஷம் மூடுபனி. வெயிலே இல்லாத ஊரில் என்ன படமெடுப்பது?
– கல்லூரி மாணவி, ஆனச்சால்

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்! இந்த வெளிச்சத்துக்காகச் சென்னை ஸ்டூடியோக்காரர்கள் காசு கொட்டி வெள்ளைத் துணிப் பெட்டிகள் வாங்குகிறார்கள். பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நிழல் அவ்வளவு மென்மை. சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். அதனால் நிழல் கத்திபோல் விழும். பனி இறங்கினால் வானம் முழுக்க ஒரே விளக்கு.

சிக்கல் ஒன்று உண்டு. எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வெளிச்சம் வந்தால் பொருள் தட்டையாகிவிடும். வாசலுக்குள் வந்து உட்காருங்கள். உங்கள் ஊரில் குடை இல்லாத வீடு ஏது? கறுப்புக் குடையை விரித்துப் பொருளின் ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் குறைந்து உருவம் திரண்டு வரும். ரொம்ப இருட்டிவிட்டதா? குடையை எடுத்துவிட்டு வெள்ளை அட்டை வையுங்கள்.

? மறையூர் வெல்ல உருண்டை, படத்தில் களிமண்ணாகத் தெரிகிறதே?
– கடைக்காரர், மறையூர்

போனில் பிளாஷ் போட்டிருப்பீர்கள். நேர் எதிரே வெளிச்சம் அடித்தால் மேடு பள்ளமெல்லாம் காணாமல் போகும். கையால் உருட்டிய உருண்டை அது. பிடித்தவரின் விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்குக்கு அதைவிட நல்ல லேபிள் கிடையாது. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக, உரசிக்கொண்டு வரட்டும். தடம் எழுந்து நிற்கும். ஒன்றை உடைத்தும் வையுங்கள். இன்னொன்று: கறுப்புப் பொருளைக் கண்டால் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று கேமரா தானாகவே படத்தை வெளுப்பாக்கும். திரையைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிடுங்கள்.

? நேரில் மாணிக்கமாக மின்னும் கட்டன்சாயா, படத்தில் கறுப்பு மசி ஆகிவிடுகிறது!
– டீக்கடைக்காரர், அடிமாலி

சாயாவுக்கு முன்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பிரயோஜனமில்லை, உள்ளே புகுந்து வர வேண்டும். ஜன்னலை கிளாசுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். முடியாதென்றால் கிளாஸ் வடிவத்திலேயே, அதைவிடச் சிறிதாக, வெள்ளைக் காகிதம் வெட்டிப் பின்னால் சற்றுச் சாய்த்து ஒளித்து வையுங்கள். ஆவியும் தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாக இருக்கட்டும். சீக்கிரம், ஆறிவிடும்.

? குத்துவிளக்கைப் படமெடுத்தால் அதில் நானும் போனும் தெரிகிறோம்.
– இல்லத்தரசி, மூணாறு

பளபளக்கும் பித்தளை பாதிக் கண்ணாடி. தன் நிறத்தோடு எதிரே இருப்பதையும் சேர்த்துத்தான் காட்டும். நல்லதாக எதையாவது காட்டுங்கள்: இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். நீங்கள் கறுப்பு உடை போட்டு, நாலடி பின்னால் போய், டெலி லென்ஸில் எடுங்கள். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் விளக்குக்குத் தொப்பை போட்டுவிடும், அது வேறு.

? பொருளை நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்லும் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி கட்டாயமா சார்?
– புது கேமராக்காரர், போடிநாயக்கனூர்

1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்காக எழுதிய யோசனை அது. உங்கள் ஏலக்காய்க்கு அவர் ஆணை எதுவும் போடவில்லை. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒற்றைக் குடமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் உட்கார வைத்து எடுத்தார். சட்டத்தை நிறைத்துக்கொண்டு இருக்கும் அந்த மிளகாய் உலகப் புகழ் பெற்றது. நீங்கள் அனுப்பிய படத்தில் முறம், வாழையிலை, ஏலக்காய், கிராம்பு, பட்டை, பூ, பின்னால் காலண்டர். சமையலா, கல்யாணச் சீரா? ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். எதை எடுத்தால் படம் செத்துப்போகிறதோ, அதை மட்டும் திரும்ப வையுங்கள். காலண்டர் வேண்டாம்.

? நல்ல படத்துக்கு எந்த போன் வாங்கலாம்?
– தேவிகுளம்

இருக்கிற போனின் லென்ஸைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

? பில்டர் போட்டு ஏலக்காயை இன்னும் பச்சையாக்கினால் தப்பா?
– அதே ஏலத்தோட்டக்காரர், சித்திரபுரம்

தாராளமாக. போடிநாயக்கனூரில் வியாபாரி மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, அங்கே எந்தப் பட்டனை அழுத்துவதாக உத்தேசம்?