மெட்டே இல்லாத மெட்டு

ஷாமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தைக் கேட்க ஜொகூர்க்காரன் ஜப்பானுக்கா போக வேண்டும்?
*(வாசகர், ஸ்கூடாய்)*

உங்கள் ஜொகூர் மன்னர் அபு பக்கார் 1883-லேயே போய் வந்துவிட்டார். அப்போது அவர் மகாராஜாதான், சுல்தான் பட்டம் 1885-ல். அவர் போனது கப்பலில். உங்களுக்கு விமானம் இருக்கிறது, சாக்கு எதற்கு?

மைக் இல்லாமல், சின்ன அறையில், பத்துப் பேருக்கு ஒரு கச்சேரியா?
*(வாசகி, பத்து பகாட்)*

ஷாமிசெனோடு பாடும் 'கொஉதா' என்றாலே 'சிறு பாட்டு'. நாலரைப் பாய் விரிக்கும் அறை போதும். ஷாமிசெனை வழக்கமாக மீட்டும் பெரிய மட்டையைக்கூட ஒதுக்கிவிட்டு, விரல் நுனியால் தொடுவார்கள். பாட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நம் மண்டபங்களில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' அதைவிட நீளம்!

மூன்றே தந்தியில் என்ன பெரிய சங்கீதம்?
*(வாசகர், மாசாய்)*

உறுமிக்குத் தந்தியே கிடையாது. தைப்பூசத்தில் நீங்கள் ஆடவில்லையா? வீணைக்கு 24 மெட்டு. ஷாமிசென் கழுத்தில் ஒன்றுகூட இல்லை. மெட்டே இல்லாமல்தான் இத்தனை மெட்டு.

தந்தி ஒரு மாதிரி இரைகிறதே, பழுதா?
*(அதே மாசாய் வாசகர்)*

அதன் பெயர் 'சவாரி'. குதிரை மேல் அல்ல, கழுத்தில்! தடித்த தந்தியை வேண்டுமென்றே கழுத்தில் உரச விடுகிறார்கள். நம் தம்புராவில் ஒரு துண்டு நூலைச் செருகி ஜீவா பிடிப்பதும் அந்த ரீங்காரத்துக்குத்தான்.

ஷாமிசென் தோல் பூனையுடையதாமே, ஐயோ!
*(வாசகி, குளுவாங்)*

நாயும் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், நம் மிருதங்கத்தைக் கேட்டால் ஆடும் மாடும் சாட்சிக்கு வரும். இப்போது செயற்கைத் தோலும் வந்துவிட்டது.